ஒற்றைக் கையில் தூக்குகிற ஆம்ப்

என் கோபக்கார அண்ணனுக்கு,

கெட்ட செய்தியை முதல்ல சொல்லிடறேன். உன் ஆம்ப் போயிடுச்சு. துரை வீட்டில் ஒத்திகை பார்த்துக்கிட்டு இருந்தோம், பாதிப் பாட்டில் ஒரு கருகல் வாடை. அடுப்பில் எதையோ மறந்துட்டாங்கன்னு நான் துரை பொண்டாட்டியைக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தா ஆம்ப் பின்னாலேர்ந்து புகை. அண்ணன் பின்னாலேயே இதுவும் கிளம்பிடுச்சேன்னு துரை அழுதான். உனக்கு அழுதானா, அதுக்கு அழுதானா, எனக்குத் தெரியலை. நல்ல செய்தியும் ஒண்ணு இருக்கு. எப்பவும் போல நடுவில் எழுந்து போகாமல் கேளு.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பாங்க. அதனால உனக்குத் தெரிஞ்ச கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கு, பொறுத்துக்கோ. நம்ம டெல்லி மெல்லிசைக் குழுவில் எல்லாருமே ஆபீஸ் ஃபைலைக் கட்டி வெச்சுட்டு வந்து மேடை ஏறுற ஆளுங்கதான். நான் பாட்டு, துரை டிரம்ஸ், நீ பேஸ் கிடார். ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாம் மோதி பாக்கில் துரை வீட்டுக் கீழ்த்தளத்தில் கிடக்கும். அந்த பாக்ஸுக்கெல்லாம் பலம் கொடுக்கிற பவர் ஆம்ப் மட்டும் கரோல் பாக்கில், மூணாவது மாடியில், உன் கட்டிலுக்கு அடியில். யாரைத்தான் நம்பினே நீ?

ஆம்ப் வாங்க உனக்கு ஒரே சட்டம். தூக்கிப் பார்க்கணும், இடுப்பு பிடிச்சுக்கிட்டா நல்ல சரக்கு. பெட்டி மேல அச்சடிச்ச வாட்ஸ் எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குப் பின்னால போடுற பட்டம் மாதிரி, கனம்தான் பொய் சொல்லாதும்பே. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பெரிசா இருந்தால்தான் பேஸ் அடிக்கிறப்போ மூச்சு வாங்காதுன்னு விளக்கம் வேற. அதுக்கு மூச்சு வாங்கலை, சரி. உனக்கு வாங்கிச்சே, அது ஏண்ணே உனக்குத் தெரியாமப் போச்சு?

அந்த நவராத்திரிக் கச்சேரி முடிஞ்சு வந்தப்போ ஒரு கைப்பிடி நீ, ஒரு கைப்பிடி துரை. நான் வயர் பையோட பின்னால வந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில், கொஞ்சம் இருடான்னு இறக்கி வெச்சே. அது மேலேயே உட்கார்ந்தே. அப்புறம் எழுந்திருக்கலை. மேலே அண்ணி கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, ஏன் அங்கேயே நின்னுட்டீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

அதுக்கப்புறம் அண்ணி அந்த ஆம்ப்பை வீட்டுக்குள்ள விடலை. ஆனா உன் கிடாரை உன் பொண்ணு நிலா எடுத்துக்கிட்டா. உன்னை மாதிரியே கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கிறா. அண்ணி தடுக்கலை. என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க.

"அவ வாசிக்கட்டும், செல்வி. ஆனா அந்தச் சனியனை அவ தூக்கக் கூடாது."

இந்த நிலைமையில்தான் ஆம்ப் எரிஞ்சுது. பொங்கல் விழா நெருங்கியாச்சு. கிட்வாய் நகர் விழாச் செயலாளர் போன்லேயே சொல்லிட்டார்: பிள்ளைங்க டிஜே கேட்குறாங்க, இந்த வருஷம் ரெண்டும் வெச்சிருக்கோம், உங்க சத்தம் நடுவில் நின்னுபோச்சுன்னா டிஜே ஆரம்பிச்சிடுவான், அடுத்த வருஷத்துக்கும் அவன்தான். மரியாதையாத்தான் சொன்னார். மத்த காலனியெல்லாம் ஏற்கெனவே டிஜேக்குப் போயாச்சு. இதுவும் போனா நம்ம குழு எதுக்கு?

நானும் துரையும் நிலாவும் செங்கோட்டைக்கு எதிர் மார்க்கெட்டுக்குப் போனோம். வெளிநாட்டுச் சாமானையெல்லாம் தொட்டுப் பார்த்துட்டு நகர்ந்தோம். நம்ம பணத்துக்குக் கடைக்காரர் ரெண்டை எடுத்து வெச்சார். ஒண்ணு உன்னுடையதுக்குக் கூடப்பிறந்தது, ஆட்டுக்கல் கனம். இன்னொண்ணு ஒரு சின்ன கோதுமை மாவு மூட்டை கனம்தான் இருக்கும். அதே விலை, ஆனா பலம் குறைவு. காலனிப் பார்க்குக்குப் போதும், பெரிய மைதானத்துக்குப் போதாதுன்னு அவரே ஒத்துக்கிட்டார். ஒரு பக்கத்துக்கு ரெண்டு பாக்ஸ்தான் மாட்டணும், மூணாவது மாட்டினா சூடாகிக் கெட்டுப்போகாமல் இருக்கத் தானே நின்னுடும்னும் சொன்னார்.

நிலா கிடாரைக் கையோட கொண்டுவந்திருந்தா. ரெண்டிலேயும் மாத்தி மாத்திக் கடைசித் தந்தியையே அடிச்சுக்கிட்டு இருந்தா. துரை மூடி மேல உள்ளங்கையை வெச்சு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி நின்னான். ரெண்டுமே தாங்கிச்சு. சின்னதை எடுத்துப் பார்த்துட்டு நிலா, ரொம்ப ஹல்காவா இருக்கு அத்தே, அப்பா திட்டுவாரில்லன்னு கேட்டா. இலேசுங்கிறதுக்கு அவ வாயில் ஹல்காதான் வரும், டெல்லியில் பிறந்த பிள்ளை. சின்னதையே கட்டுங்கன்னு கடைக்காரர்கிட்ட சொன்னேன்.

துரைக்கு வந்ததே கோபம். கடைக்குள்ள எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

"அண்ணன் இருந்தா இதை வாங்க விட்டிருப்பாரா?"

"அண்ணன் இருந்திருக்கணும்னா, இதைத்தான் வாங்கியிருக்கணும், துரை."

பெரிய வீராங்கனை மாதிரி சொல்லிட்டேனே தவிர, மெட்ரோவில் அந்தப் பெட்டியை மடியில் வெச்சுக்கிட்டு வந்தப்போ எனக்கு ஒரே நினைப்புதான். இது நின்னுபோனா குழுவை மூடினவள்னு என் பேர்தானே வரும்?

விழா அன்னிக்குப் பட்டுப்புடவை மேல ஸ்வெட்டர். மேடைக்குப் பக்கத்திலேயே டிஜே வண்டி, ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கரோட. அதோட ஆள் போனை நோண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். துரை வயரெல்லாம் மாட்டினான். முதல் பாட்டு நல்லாப் போச்சு, ரெண்டாவதும் போச்சு. மூணாவதில் நிலா பேஸை ஓங்கி எடுத்தா பாரு, எல்லாம் நின்னுபோச்சு. சுத்தமா நின்னுபோச்சு. ஆம்ப்பில் சிவப்பு லைட்டு.

கூட்டம் ஊன்னு கத்திச்சு. செயலாளர் என்னைப் பார்க்கலை, டிஜேக்காரனைப் பார்த்தார். அவன் போனைப் பாக்கெட்டில் போட்டுட்டு எழுந்தான். துரை என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

என்ன ஆச்சு தெரியுமா? துரை பழக்கதோஷத்தில், நீ மாட்டுற மாதிரியே மாட்டியிருக்கான். முன்னால ரெண்டு, பின்வரிசைக்கு ரெண்டு, நம்ம பாட்டு நமக்கே கேட்க நம்மைப் பார்த்த மாதிரி ரெண்டு. பக்கத்துக்கு மூணு. உன் பழசு அதையெல்லாம் முழுங்கிக்கிட்டுக் கொதிக்கும், நீ தை மாசக் குளிரிலும் அதுக்கு டேபிள் ஃபேன் போடுவே, எல்லாரும் சிரிப்பாங்க. புதுசு முழுங்காது.

நிலாதான் முதல்ல புரிஞ்சுக்கிட்டா. கழுத்தில் கிடாரோட குனிஞ்சு வயரைப் பிடிச்சா.

"நம்மைப் பார்த்திருக்கிற ரெண்டையும் எடுத்துடறேன் அத்தே. உங்க குரல் உங்களுக்குக் கேட்காது."

எடுன்னேன். லைட்டு பச்சையானதும் யாரும் எண்ணிக்கை சொல்லக் காத்திருக்காமல் பல்லவியைப் பிடிச்சுட்டேன். டிஜே பக்கம் பாதி தூரம் போன செயலாளர் அங்கேயே நின்னார்.

தன் குரல் கேட்காமல் பாடுறது எப்படின்னு உனக்குத் தெரியாது, நீ பாடினதில்லை. எதிர்க் குவார்ட்டர்ஸ் சுவரில் பட்டு என் குரல் எனக்கே தாமதமா வந்துது. அதைக் கேட்டா தாளம் போயிடும். அதனால நிலாவோட வலது காலையே பார்த்தேன். குதிகாலை ஊன்றி முன்பாதத்தால தட்டுறா. அது உன் கால், அண்ணே. கச்சேரி முடியறவரைக்கும் அதைப் பார்த்துக்கிட்டேதான் பாடினேன். சுருதியில்தான் இருந்தேனான்னு சாமிக்குத்தான் தெரியும். முன்வரிசையில் தலைகள் ஆடிச்சு, அது போதும்னு இருந்தேன். கடைசியில் செயலாளர் வந்து அடுத்த வருஷமும் வந்துடுங்க மேடம்னார். அப்புறம் டிஜே ஆரம்பிச்சான். நல்லாத்தான் இருந்துது, துரைகூட ஆடினான்.

ஆம்ப் எங்க வீட்டில்தான் இருக்கணும், அப்பா வெச்ச இடத்திலேயே இருக்கட்டும்னு நிலா ஒரே பிடிவாதம். அண்ணி சொன்னது ஞாபகம் இருந்ததால, நானே அதைத் தூக்கிக்கிட்டு கரோல் பாக்கில் படியேறினேன். பேச்சுச் சத்தம் கேட்டு அண்ணி இறங்கி வந்துட்டாங்க. சரியா அந்த இரண்டாம் மாடித் திருப்பத்தில் எதிரே நிற்கிறாங்க. என் கையையே பார்த்தாங்க. எனக்கு அதை எங்கேயாவது ஒளிச்சு வெச்சுடலாம்னு இருந்துது.

குடுன்னு கையை நீட்டினாங்க. கொடுத்தேன். ஒரு கையில் பிடிச்சாங்க. அடுத்த கைக்கு மாத்தினாங்க. சந்தையில் பூசணிக்காய் பார்க்கிற மாதிரி மேலேயும் கீழேயும் ஆட்டிப் பார்த்தாங்க.

"இவ்வளவுதானா, செல்வி?"

அந்தப் படியிலேயே உட்கார்ந்து, அதை மடியில் வெச்சுக்கிட்டு, நீ போன அன்னிக்கு அழாத அழுகையை அழுதாங்க. அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, ஒரு கையில் அதைப் பிடிச்சு மாடியேறிப் போய் உன் கட்டிலுக்கடியில் வெச்சாங்க. இதுதான் நான் சொன்ன நல்ல செய்தி.

இந்த மாதிரி ஆம்ப் வந்து பல வருஷம் ஆச்சாம், கடைக்காரர் சொன்னார். உனக்குத் தெரியுமா அண்ணே? ஒரு நாள் கையில் எடுத்து, கனமே இல்லையேன்னு திருப்பி வெச்சுட்டு வந்தியா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய எதையும் இனி நம்ம குழுவில் வாங்க மாட்டேன். சத்தம் குறைஞ்சா குறையட்டும். கேட்கணும்னு நினைக்கிறவங்க நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கட்டும்.

உன் மேல இன்னும் கோபம் தீராத தங்கச்சி,
செல்வி