பிள்ளைகளுக்குக் கேட்ட கட்டடம்

ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கதிரவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை ஸ்ரீமதி மூவரும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் ஹாம்பர்க் குளிரில் இருமல் சளி அண்டாமல் இருக்க வேண்டும் என்று பாடலீசுவரரிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இல்லை என்றுதான் எழுத வேண்டும். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், நீயும் "சரி விடும்மா" என்று முடித்துவிடுகிறாய். எழுதும்போது நான் முடிக்கிறவரைக்கும் யாரும் குறுக்கே பேச முடியாது.

நேற்றுக் காலை அப்பா உன்னோடு பேசிவிட்டு அடுப்படிக்கு வந்து, "ஒம் புள்ளையே சொல்லிட்டான், அம்மாவுக்கு எதுக்குப்பா இந்த வம்பு, நீங்களே பாத்துக்குங்கன்னு. இதுக்கு மேல என்னா வேணும் ஒனக்கு?" என்றார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டேன், பூனை இரண்டு துண்டைத் தூக்கிக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை. நீ அப்படிச் சொன்னாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. என்ன வம்பு என்பது உனக்கு முழுதாகத் தெரிந்திருக்காது, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மார்க்கெட்டை ஒட்டி இருந்த பழைய நூலகக் கட்டடம் உனக்கு நினைவிருக்கும். நூலகம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டதால் அது பூட்டியே கிடக்கிறது. அதை வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகமாக ஆக்கித் தரும்படி நம் வார்டுப் பெண்கள் மனு எழுதிக் கொடுத்தார்கள். யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா, அப்பாவிடம், டீக்கடையில் வைத்து. ஓட்டுப் போட்டது எனக்கு, கவுன்சிலர் என்று கூப்பிடுவது அப்பாவை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஜெயித்த நாளிலிருந்து பேரூராட்சிக் கூட்டத்தில் என் நாற்காலியில் உட்காருகிறவர் அவர்தானே. எங்கள் தலைவரும் பெண்தான், அவர் நாற்காலியிலும் அவர் வீட்டுக்காரர்தான். பெண் உறுப்பினர்கள் போனால் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வரலாம், போகாவிட்டால் தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்கு வீட்டுக்கே வந்துவிடும். அப்பா மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு "முடிச்சிடலாம்மா, நான் இருக்கேன்ல" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் காரியம் முடிந்தது என்றே நம்பிக் கடைத்தெருவில் என் கையைப் பிடித்து நன்றி சொல்கிறார்கள். எனக்கு உடம்பு கூசுகிறது, ஏனென்றால் நாளைக் கூட்டத்தில் வரப்போவது அந்தக் கட்டடத்தை ஜிம் ஆக்கும் தீர்மானம். துணைத்தலைவர் சுப்பிரமணியன் கொண்டுவருகிறார், உன் அப்பா என் பேரில் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

வினோதினியை உனக்குத் தெரியும், தேவனாம்பட்டினத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ராசம்மாளின் மகள், பள்ளிக்கூடத்தில் உனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவள். புருஷன் சென்னையில் கட்டட வேலை, இவள் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள், இப்போது பட்டுப் பிரிவை அவள் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் சாயங்காலம் ராசம்மாளைப் பார்க்கப் போனேன். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது, உள்ளே ஏதோ உருளும் சத்தம். திறந்து பார்த்தால் வினோதினியின் பெண்குழந்தை, இன்னும் மூன்று வயதுகூட ஆகவில்லை, இடுப்பில் ஒரு பழைய சேலையைச் சுற்றிக் கட்டில் காலில் கட்டியிருக்கிறது. முன்னால் ஒரு கிண்ணத்தில் பொரி. என்னைப் பார்த்து அது அழவில்லை கதிரவா, ஒரு பொரியை எடுத்து எனக்கு நீட்டியது. அங்கன்வாடியை மதியத்துக்குப் பிறகு பூட்டிவிடுகிறார்கள், பக்கத்து வீட்டு அம்மாள் குழந்தையைக் கூட்டிவந்து கட்டிவிட்டுத் தன் ஆட்டை ஓட்டிவரப் போய்விடுகிறார், இருட்டும் நேரத்தில் ராசம்மாள் வந்து அவிழ்க்க வேண்டும். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் வினோதினியைக் கேட்டேன். "வேற என்னாக்கா பண்றது, முன்னால ரோடு, பின்னால வாய்க்கா. கட்டிப் போட்டா உசுரோடயாவது இருக்கும்ல" என்றாள். காப்பகம் வந்துவிடும் என்ற தைரியத்தில்தான் அந்தப் புதுப் பொறுப்புக்கு ஒத்துக்கொண்டாளாம்.

மாசி மாதம் சிதம்பரத்தில் பெண் உறுப்பினர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது, போனதை உனக்குச் சொன்னேனே. ஆணும் பெண்ணும் சமமாவதற்கு அரசாங்கம் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். ஒருத்தி கழிப்பறை என்றாள், ஒருத்தி சொத்தில் பங்கு, ஒருத்தி சாராயக்கடையை மூடுவது, ஒருத்தி ஒரே வேலைக்கு ஒரே கூலி. காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்த லோகநாயகி எழுந்து, "மொதல்ல எங்க வூட்டுக்காரர அந்த நாற்காலிய வுட்டு எழுப்புங்க சார், மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்" என்றதும் கூடமே சிரித்தது. வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்த அவள் வீட்டுக்காரரே சன்னல் வழியாக எட்டிப் பார்த்து "முடிஞ்சுதா, மாடு கத்திக்கிட்டு கெடக்கும்" என்று கேட்டார், திரும்பவும் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. பெண்களுக்குப் பஸ் இலவசம், மாதாமாதம் பணம் வருகிறது, உள்ளாட்சித் தேர்தலில் பாதி இடம் நமக்கு. எதையும் நான் குறைத்துப் பேசமாட்டேன், அந்தப் பஸ்ஸில்தான் நானும் போகிறேன். ஆனால் பிள்ளையையும் படுத்துக்கிடக்கும் மாமியாரையும் யார் பார்ப்பது என்று வந்தால் அரசாங்கமும் நம் வீடும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கின்றன, வீட்டில் ஒரு பெண் இருப்பாள் என்று. அந்தப் பதிலை மாற்றாமல் வேறு எதைக் கொடுத்தாலும் அது வாசல்வரைதான் வருகிறது. பட்டப்படிப்பு முடித்து இருபது வருஷத்துக்கு மேல் நானும் அந்தப் பதிலாகத்தான் இருந்திருக்கிறேன்.

நான் ஜிம்முக்கு எதிரி இல்லை, அதைத் தண்ணீர்த்தொட்டி மைதானத்திலும் போடலாம், மார்க்கெட் பக்கம் பிள்ளைகளுக்கு வேறு இடம் கிடையாது, இதைத்தான் அப்பாவிடம் சொன்னேன். "நான் குடுத்த வாக்கு. நீ போயி மாத்திப் பேசுனா நாளைக்கு நான் டீக்கடைல எப்படிடி உக்காருவேன்?" என்றார். நானே கூட்டத்துக்குப் போகிறேன் என்றதற்கு, "போறதுன்னா போ. திரும்பி இந்த வூட்டுக்குத்தான் வரணும், ஞாபகம் வச்சுக்க" என்றார். கத்தவில்லை, பேப்பர் படித்துக்கொண்டே சொன்னார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை

மீதியை இன்று எழுதுகிறேன். நேற்றுப் போனேன் கதிரவா. அப்பா வரும் முன்பே போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா வந்து வாசலில் நின்று பார்த்தார், உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டார். சுப்பிரமணியன், "என்னா தங்கச்சி, மச்சானுக்கு ஒடம்பு சரியில்லையா? காலைல நல்லாத்தான இட்லி துன்னாரு?" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானம் வந்தது. எனக்குச் சம்மதமில்லை என்றேன். செயல் அலுவலர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒருமனதா நிறைவேறுச்சுன்னு டைப் பண்ணியாச்சேம்மா" என்றார். அடித்து எழுதுங்கள் என்றேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. சுப்பிரமணியன் பொறுமையாகத்தான் பேசினார், "ஆம்பளப் புள்ளைங்க குடிச்சிக் கெட்டுப்போவக் கூடாதுன்னுதான தங்கச்சி ஜிம்மு. சின்னப் புள்ளைங்களுக்கு என்னா, அதுங்க வூட்ல பத்திரமாத்தான இருக்கு" என்று. அப்போது நான் பேர் சொல்லாமல் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னேன், சேலையை, கட்டில் காலை. தலைவரின் வீட்டுக்காரர் தாளைப் பார்த்தபடி, "பாவந்தான்" என்றார். பிறகு, "சரி, அடுத்த பொருளுக்குப் போவோம்" என்றார்.

அவ்வளவுதான். தீர்மானம் நிறைவேறியது. கை தூக்காதவள் நான் ஒருத்தி. பெஞ்சில் இருந்த பெண்களில் வயதில் சின்னவளான அனுப்பிரியா மட்டும் படியில் வந்து என் முழங்கையைப் பிடித்து "எனக்கும் சொல்லணும்னுதான்கா இருந்துச்சு" என்றாள், அவள் வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பியதும் ஓடிவிட்டாள்.

உண்மையை நான்தான் சொல்ல வேண்டும் என்று நேராக வினோதினி வீட்டுக்குப் போனேன். அழுவாள் அல்லது கோபப்படுவாள் என்று நினைத்தேன், இரண்டும் இல்லை. "நீங்க ஒத்த ஆளா வேணாம்னு சொன்னீங்க, சரிக்கா, அதுக்கு நான் ஒங்களக் கும்புடுறேன். ஆனா நாளைக்குப் புள்ளைய யார் பாக்குறது?" என்றாள். என் வீட்டில் விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "எத்தினி நாளைக்கு? நான் மட்டுமா, இந்தத் தெருவுலயே இன்னும் எத்தினி பேரு. எல்லாத்தையும் தூக்கிட்டு வரவா?" என்றாள். இன்று கடைக்குப் போய் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ராசம்மாள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

வீட்டில் அப்பா என் கையால் சாப்பிடவில்லை, ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வருகிறார். லீவுக்கு வந்திருக்கும் ஸ்ரீமதியைக் கூப்பிட்டு, "படிப்ப முடிச்சிட்டு வூட்ல இரு, எம்.ஏ.வும் வேணாம் ஒண்ணும் வேணாம், இந்த வூட்டுக்கு ஒரு படிச்சவளே போதும்" என்று சொல்லிவிட்டார். நான் பேசியதற்கு அவள் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அவள் துணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாளைக்கே சிதம்பரம் ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்கிறாள். எனக்கு யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை கதிரவா. வெளியே போனால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடுகிறது, உள்ளே வந்தால் இவர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

உன் ஆபீஸில் ஒரு ஆள் பிள்ளையைக் கூப்பிட மூன்று மணிக்கே எழுந்து போகிறார், யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை, எவ்வளவு நல்ல ஊர் பாரும்மா என்று நீதான் தீபாவளிக்கு என்னிடம் சொன்னாய். அங்கே வம்பாகாத பிள்ளை இங்கே மட்டும் எப்படி வம்பாகும் என்று எனக்குள்ளே கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நீ அப்படிச் சொல்லவில்லை என்றால் அப்பாவைக் கூப்பிட்டு, நான் சொல்லவில்லை என்று உன் வாயால் சொல், ஸ்ரீமதியின் படிப்பைப் பற்றியும் சேர்த்துப் பேசு. சொல்லியிருந்தாய் என்றால் அதை என்னிடம் மறைக்காமல் சொல், இதையெல்லாம் படித்த பிறகும் அதையேதான் சொல்வாயா என்றும் சொல். என் பேரில் பேசி வந்தவர் உன் பேரிலும் பேசியிருக்கலாம். அந்த ஒரு நம்பிக்கையில்தான் இந்த நாலு நாளும் எழுந்து அடுப்புப் பற்ற வைத்தேன்.

எந்த நோய்நொடியும் இல்லாமல், பிறர் சொல்லக் கேட்டதை நீயே ஒரு தரம் யோசித்துப் பார்க்கும் மனசோடு நீ நீண்ட நாள் வாழ வேண்டும். இன்ஹேலரைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்ள மறக்காதே. கூப்பிடும்போது என் நம்பருக்குக் கூப்பிடு, அப்பா நம்பருக்கு வேண்டாம்.

இப்படிக்கு
உன் அம்மா
பவானி