நீல வாளி

அன்புள்ள அப்பா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். நேரில் எனக்குப் பேச்சு வராது.

காட்டுக்குதிரைகளைப் பிடிக்க வேண்டாமென்று பேச, செவ்வாயன்று ஊர்க் கூட்டத்தில் எனக்கு இரண்டு நிமிடம் தந்தார்கள். பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "வீட்டுக்கே மொதப் பட்டதாரி, பேரு சொல்லத்தான் காலேஜ் போனாளா?" என்றார் கிளிண்ட் மாமா. நீங்கள் சிரிக்கவில்லை.

நாளை ஹெலிகாப்டர் மந்தையை மலையிலிருந்து விரட்டிவரும். பட்டி வாசலில் பழகிய குதிரை ஒன்றை அவிழ்த்துவிடுவீர்கள்; அது நேரே பட்டிக்குள் ஓடும். மிரண்டு வருபவை அதை நம்பிப் பின்னாலேயே ஓடி அடைபடும். இந்த வருடம் அது ஜூனிப்பர்.

மலையில் தாய் செத்து, தனியே நின்ற குட்டியாக அவனைத் தூக்கிவந்து, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நான். நீல வாளியைத் தட்டினால் எங்கிருந்தாலும் ஓடிவரப் பழக்கியதும் நான்தான். "எனக்குப் பாதி வேலைய மிச்சம் பண்ணிட்டம்மா" என்றீர்கள். பாராட்டாகத்தான் சொன்னீர்கள். நாளை வருவது அவன் பிறந்த மந்தை.

அவன் இல்லாவிட்டாலும் அவை பிடிபடும். நிறுத்தச் சொல்லி நான் எழுதிய மனுக்கள் எதற்கும் பதில் இல்லை. இனி வருமென்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

நீல வாளியை ஒளித்துவைக்க நினைத்தேன். மனம் வரவில்லை. கொட்டிலில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. நாளை மட்டும் அதை எடுக்காதீர்கள், அப்பா.

உங்கள் மகள்