அந்தக் குரல் மட்டும் இல்லாமல்

அன்புள்ள மருமகளுக்கு,

எட்டுத் திசையும் பெயர் கேட்டு நடுங்கும் உன் மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அங்கே உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நலந்தானே.

நீ அனுப்பிய பழைய கேம்கார்டரும் டேப்புகளும் வந்தன. அதன் வயரைச் சொருக என் புதுக் கணினியில் துளையே இல்லை. காயலான் கடையில் ஒரு மலையைக் குடைந்து கிழட்டுக் கணினி ஒன்றை மீட்டு வந்து, லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினேன். முதல் கட்டளைக்கே ‘அனுமதி இல்லை’ என்று பதில். என் வீட்டில், என் மேஜையில், எனக்கே! போர் தொடுத்து வென்றேன். ஆயிரம் யானைகளைக் கொன்றவனுக்குப் பரணி பாடுவார்களாமே, அதற்கு ஆள் தேடுகிறேன்.

ஒரு மணி நேர டேப் ஒரு மணி நேரம் ஓடித்தான் உள்ளே இறங்கும். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். அடுத்த அறையிலிருந்து உன் அம்மா வந்து நின்றாள். எல்லாம் நீ நடை பழகிய காலத்தில் அவள் எடுத்த படம். ஒன்றிலும் அவள் முகம் இல்லை. “மெதுவாடி, விழுந்துடாத” என்ற குரல் மட்டும்தான்.

அந்தக் குரல் இல்லாமல்தான் உன் அப்பாவின் பணி ஓய்வு விழாவுக்குப் படம் வேண்டும் என்று போனில் சொன்னாய். “அம்மாவைப் பிரிஞ்சப்புறம் அதைக் கேட்டாலே அப்பாவுக்குச் சங்கடம் மாமா” என்றாய். சங்கடம் அப்பாவுக்கா உனக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

படத்துக்குக் கீழே ஒலி ஒரே பட்டையாக ஓடுகிறது. அவள் பேச்சின் மேலேயே உன் மழலையும் விழுந்து கிடக்கிறது. அவளை வெட்டினால் நீயும் ஊமை. பிரித்தெடுக்க இந்தச் சக்கரவர்த்திக்கும் தெரியவில்லை. முடியாது என்று எழுதிவிடப் போவதாக உன் அம்மாவிடம் சொன்னேன். “கேட்டதைச் செஞ்சு குடுண்ணா. மேல ஒரு பாட்டைப் போட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது” என்றாள். பாட்டையும் அவளே தேர்ந்தெடுத்தாள். உன் அப்பாவுக்குப் பிடித்த பாட்டாம்.

படத்தை அனுப்பியிருக்கிறேன். நன்றாகக் கை தட்டுவார்கள். வெட்டாத டேப்புகள் என்னிடமே இருக்கட்டும். கேட்டால் தருகிறேன்.

உன் மகளுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அவள் வளர்ந்த பிறகும் உன் குரல் அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். வேறென்ன ஆசி சொல்ல.

இப்படிக்கு,
உன் மாமன்