விளக்குக்குக் கை காட்டுகிறேன்

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே வேலையில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு நாடும் புகையைக் குறைப்பதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதா என்று அறிக்கைகளைப் படித்துப் படித்துக் கண் எரிகிறது. ஊருக்குச் சொல்லும் நாமே மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டாமா என்று, ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்குகளை அலுவலகத்தில் மாட்டிவிட்டார்கள். நான் அசையாமல் படிப்பவள். அணைந்த விளக்கைக் கையை ஆட்டித்தான் எரியவைக்கிறேன்.

நேற்று அப்படி ஆட்டியதும், வெளியே கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த நம் மொழிக்கார அக்கா உள்ளே வந்துவிட்டார்.

“கூப்பிட்டியாம்மா?”

“இல்லக்கா, லைட்டைக் கூப்பிட்டேன்.”

“நல்லாருக்கு போ. நீ இருக்கறது அதுக்கே தெரியலயா?”

அரைமணி நேரம் பேசினோம். விளக்கு அணையவே இல்லை.

என் மூக்குக்கண்ணாடிச் சீட்டு பீரோவில் இருக்கும், அனுப்புங்கள். சின்னவளைத் தன் கையாலேயே நாலு வரி எழுதச் சொல்லுங்கள், போனில் வேண்டாம்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். வழக்கம்போல ‘உன் இஷ்டம்மா’ என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் இங்கேயே இருந்துவிடுவேன். ‘வா’ என்று எழுதுங்கள்.

உங்கள்
மனைவி