‘யூ’ என்று கேட்டவளுக்கு

என் செல்லக் கோமதி,

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உன்மேல் உரிமை கொண்டாட ஒருவர் கிளம்பிவிட்டார். நம் டுட்டோரியல் முதலாளிதான். "எங்ககிட்ட படிச்சுத்தான் பேங்க் வேலைக்குப் போனா" என்று சொல்லி, உன் படத்தைப் பெரிதாக்கி அந்த மாடி வகுப்பில் மாட்டப்போகிறாராம். படம் கேட்டு உன் அம்மாவிடம் ஆளும் அனுப்பிவிட்டார். மனிதருக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

அந்த மாடி நினைவிருக்கிறதா? கீழே ஜவுளிக்கடை, மேலே நம் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு. தமிழ் பேசும் நாம், வீட்டில் தெலுங்கு பேசும் கரிசல்காட்டுப் பையன்கள், உருது பேசும் ரஹ்மத். வீட்டுமொழி எதுவானாலும் வகுப்பில் நடக்கும் விவாதத்தில் எல்லோருக்கும் ஒரே நோய், வாயில் ‘யூ’ வராது. மூத்தவர் என்றால் "அண்ணாச்சி இஸ் டெல்லிங் ராங்" என்பார்கள். பெண்கள் என்றால் ‘தி லேடி’. தன் கருத்தைச் சொல்லவும் ‘ஐ’ கிடையாது, ‘வீ’தான். யாராவது முறைத்தால் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் அல்லவா? மலையாளத்து மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

வரதட்சணை பற்றிய விவாதத்தன்று முதலாளி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன் கொடுமையை இங்கிலீஷில் முழங்கினார். நீ எழுந்தாய்.

"யூ டுக் டௌரி ஃபார் யுவர் சன். ஒய்?"

மகனுக்கு அவர் வரதட்சணையாக வாங்கிய அம்பாசடர் காரைத் தெருவே பார்த்தது. அந்தப் பெரிய மனிதர் காரை விட்டுவிட்டு ‘யூ’வைப் பிடித்துக்கொண்டார்.

"என்னையப் பாத்து ‘நீ’ங்குதா! பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு திமிரா?"

"இங்கிலீஷில் எல்லார்க்கும் அது தன்னே சார்" என்றார் மாஸ்டர்.

"இங்கிலீஷ்காரனுக்கு மரியாத தெரியாது வே. நமக்குத் தெரியணும்லா!"

என்ன ஞானம் பார்த்தாயா! மன்னிப்புக் கேள், இல்லையென்றால் வெளியே போ என்றார். நீ பையை எடுத்துக்கொண்டு இறங்கினாய். ‘வீ’, ‘வீ’ என்று தொண்டை கிழியக் கத்திய சூரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். உன் பின்னால் இறங்கியது நான் ஒருத்திதான்.

அதன்பிறகு சாயங்காலமெல்லாம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து நீயாகவே படித்து, புளியங்குடி பேங்கில் சேர்ந்தாய். அதில் அவர் பங்கு என்ன? வகுப்பிலிருந்து விரட்டியதை உன் அம்மாவிடம் ஏன் கடைசிவரை மறைத்தாய்? பாவம், நான் போனபோது அவர்கள் படத்தைத் துடைத்துத் தயாராக எடுத்து வைத்திருந்தார்கள். "பெரிய மனுசரு கேக்காரு, எப்படி மாட்டேன்னு சொல்ல?" என்றார்கள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அம்மா அழவில்லை. படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு கேட்டார்கள்:

"எம் மவள நிக்கவிடாத எடத்துல, அவ படத்துக்கு என்ன வேல ஏட்டி?"

நாளை நான் மாடியேறி, வகுப்பு நடக்கும்போதே, அம்மாவின் இந்தக் கேள்வியை அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டு வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறக்காத அக்கா,
செண்பகம்
சங்கரன்கோவில்