இரண்டு நாற்பதுக்குப் போன வண்டி

எல்லை ரயில் நிலையம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். உடம்பைப் பொறுத்தவரை அதில் பொய் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, அது போருக்கு முன்னாலேயே வந்ததுதான். நீயும் சுண்டெலியும் எப்படி இருக்கிறீர்கள்? என் பேத்திக்கு முன்பல் முளைத்துவிட்டதா? போன தடவை வந்தபோது ஓட்டைப் பல்லால் என் விசிலை ஊத முடியாமல் அதைத் தூக்கி எறிந்தாளே, அதைச் சொல்லி அம்மா இன்னும் சிரிக்கிறாள்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. காயம்பட்டவர்களை மாற்றிக்கொள்ள வாரம் ஒரு முறை வெள்ளைக் கொடி கட்டிய வண்டி போய் வருகிறதே, அதில் வரும் நர்ஸ் அம்மாதான் கொடுத்தார். இதையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நீ எழுதியிருந்தது இரண்டே வரி. எதிரி வண்டியை உள்ளே விட்டதற்காக மாப்பிள்ளையைக் காவலில் வைத்திருக்கிறார்கள், பதினெட்டாம் தேதி ராணுவக் கோர்ட்டில் விசாரணை, குற்றம் உறுதியானால் சுட்டுவிடுவார்கள் என்று ஒரு வரி. அந்த வண்டியை ஏற்றுக்கொள்ளும் முன் மாமாவிடம் எதுவும் கேட்கவில்லை என்று அவரே சொல்கிறார், அது உண்மையா அப்பா என்று இன்னொரு வரி. எங்கள் நலத்தை விசாரிக்கவில்லை. விசாரிக்காதது சரிதான்.

வேலை அதிகம், அதனால்தான் பதில் தாமதம் என்று எழுத நினைத்தேன். வேலை அதிகம்தான். நிலையம் இப்போது மேற்குப் படையின் கையில். ஓர் அதிகாரி என் மேஜை மேல் பூட்ஸ் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார். காலை எடுய்யா என்று வாய் வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வேன். காத்திருப்போர் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? மேற்கும் கிழக்கும் என்ன சண்டை போட்டாலும் நடுவில் இருக்கும் நம் மண்ணில் ஒரு சிப்பாய்கூடக் கால் வைக்க மாட்டான் என்று இரண்டு அரசும் கையெழுத்துப் போட்டது. பள்ளிக்கூடத்தில் உன்னை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், உனக்குக் கடைசி பத்தி வரவே வராது. அதைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் தொப்பி மாட்டுகிறார்கள்.

அந்தக் காகிதத்தை நம்பித்தான் உங்கள் கிழக்குக்காரர்கள் மலைப்பக்கம் முழுக்கக் கோட்டை கட்டிவிட்டு, நம் பக்கத்து எல்லையில் ஒரு சுங்கச் சாவடியோடு விட்டுவிட்டார்கள். மேற்குப் படை மலையைத் தொடவே இல்லை. நம் நாட்டு வழியாக வந்து, என் நிலையத்தையும் மாப்பிள்ளையின் நிலையத்தையும் தாண்டி, நேரே உங்கள் ஜங்ஷனில் போய் இறங்கியது. மூன்று வாரம் கழித்து அவர்களை எல்லைவரை துரத்திவிட்டார்கள். அதற்குள் ஜங்ஷன் ஊர் எரிந்து முடிந்திருந்தது. இதெல்லாம் உனக்குத் தெரியும். என் அறைக்குள் நடந்தது தெரியாது.

ஒன்பது வருஷம் நானும் மாப்பிள்ளையும் ஒரே கம்பியின் இரண்டு முனையில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். நான் எல்லை தாண்டி ஒரு வண்டியை அனுப்ப வேண்டுமானால் பாதை காலி, அனுப்பலாம் என்று அவர் லைன் கிளியர் தர வேண்டும். வண்டி எண், வேகன் எத்தனை, உள்ளே என்ன சரக்கு என்று நான் படிக்க, அவர் திருப்பிப் படிக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் எங்கே அப்படிச் செய்தோம்? பேத்தி சாப்பிட்டாளா என்று நான் கேட்பேன், நீ சமையலில் உப்பை மறந்த கதையை அவர் சொல்வார், நடுவில் வண்டி போய்விடும். இன்ஸ்பெக்டர் யாராவது என் பக்கத்தில் இருந்தால் மட்டும் அவரை "மாஸ்டர்" என்று கூப்பிடுவேன். அந்தப் பக்கம் உடனே குரல் மாறிவிடும். யாரோ இருக்கிறார்கள், ஜாக்கிரதை என்பதற்கு எங்களுக்குள் அந்த ஒரு வார்த்தைதான். உன்னிடமும் சொல்லிச் சிரித்திருப்பார்.

அன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். முப்பது மூடிய வேகனோடு ஒரு வண்டி வந்து நின்றது. ஓர் அதிகாரி உள்ளே வந்து உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை, டீ கேட்டு வாங்கிக் குடித்தார். வேகனுக்குள் சிப்பாய்கள் இருக்கிறார்கள் என்றார். காலி வேகன் என்று சொல்லி லைன் கிளியர் வாங்கச் சொன்னார். அடுத்த நிலையத்தில் நிற்காமல் போனால் அந்த ஊருக்கு ஒன்றும் ஆகாது, நிறுத்தினால் அங்கேயே இறங்கிச் சுடுவார்கள் என்றார். துப்பாக்கியை டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். நம் குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். அம்மா உள்ளே இருந்தாள்.

துப்பாக்கி மேல் பழியைப் போட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் அந்த நேரத்தில் துப்பாக்கி என் நினைவிலேயே இல்லை. மாப்பிள்ளையின் நிலையத்தை ஒட்டிய உன் வீட்டு வேலிதான் இருந்தது. சின்ன வகுப்பு மதியமே விட்டுவிடும், சுண்டெலி வேலியோரம் நின்று வருகிற வண்டிக்கெல்லாம் கையாட்டுவாள். வண்டி அங்கே நிற்கக் கூடாது. அதைத் தாண்டி எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று நினைத்தேன்.

போனை எடுத்து, ஸ்பெஷல் வண்டி, காலி வேகன் முப்பது என்றேன். ஒன்பது வருஷத்தில் மாப்பிள்ளை விதிப்படி கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

"காலி வேகனுக்கு எதுக்கு ஸ்பெஷல்? மாமா, நீங்க திறந்து பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் மாப்பிள்ளை. நிறுத்தாம விட்டுடுங்க."

"நீங்க பாத்தா சரி. அனுப்புங்க மாமா."

கேட்டார், மகளே. உன் கேள்விக்குப் பதில் அதுதான். அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். "மாஸ்டர்" என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. நான் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் மாப்பிள்ளை என்றேன்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் யோசிக்கிறேன். மாப்பிள்ளை பாயிண்டைத் திருப்பி, மணல் மேட்டில் முடியும் தண்டவாளத்துக்கு வண்டியை விட்டிருப்பார். பின்னால் வந்த பதினொரு வண்டியும் நம் பக்கத்திலேயே முடங்கியிருக்கும். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் காத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மேற்குப் படை வேறு வழியில்லாமல் மலையில் போய் மோதி, இந்தப் போரே ஒரு மாதத்தில் ஓய்ந்திருக்கும். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் வருகிறது. மணலில் நின்ற வண்டியின் கதவுகள் திறக்கிற இடத்தில், நாற்பது அடி தள்ளி உன் வேலி இருக்கிறது. அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

நான் ஆசைப்பட்டது நடந்தது. உன் வீட்டில் ஓர் ஓடுகூட உடையவில்லை. ஜங்ஷனில் செத்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான், அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இதை எழுதும்போது அழுகிறேன். பூட்ஸ்காரர் பார்த்துவிட்டுக் கண்ணில் தூசியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

மாப்பிள்ளை கேட்கவே இல்லை என்று சொல்வது என்னைக் காப்பாற்றத்தான். கிழக்குப் படை என்றைக்காவது இங்கே வந்தால் முதலில் யாரைத் தேடும் என்று அவருக்குத் தெரியும். என் பெண் உயிரோடு இருக்கிற வீட்டுக்கு அவர் வேண்டும், நான் அவ்வளவு வேண்டாம்.

இந்த உறையில் அன்றைய பதிவேட்டுப் பக்கம் இருக்கிறது. எதிர் நிலையம் ஏதாவது கேட்டால் கேள்வியையும் பதிலையும் எழுத வேண்டும் என்பது விதி. கைப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். "திறந்து பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்ததாகச் சொன்னேன். இரண்டு நாற்பது." கீழே என் கையெழுத்து. பின்பக்கம் மீதி எல்லாவற்றையும் எழுதி இன்றைய தேதி போட்டிருக்கிறேன். பதினெட்டாம் தேதி இதைக் கோர்ட்டில் கொடு. அப்பா ஆயிற்றே என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காதே.

பதிவேட்டை வெள்ளிக்கிழமைதோறும் பூட்ஸ்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். அதற்குள் இந்த வண்டி உங்கள் பக்கம் வந்து சேர்ந்திருக்கும், கவலைப்படாதே.

பக்கத்தைக் கிழித்ததை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் நேற்று என் கம்பளிச் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பொத்தான் தைத்தாள். இந்த வெயிலில் எதற்கு என்று கேட்டேன். சில இடம் குளிரும் என்றாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு அடிக்கடி எழுது.

விசிலையும் உறையில் வைத்திருக்கிறேன். பல் முளைத்ததும் சுண்டெலி ஊதட்டும். வண்டி வரும்போது மட்டும் வேலியை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்.

நீங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே விளக்கடியில் உட்கார்ந்து நெடுங்காலம் சாப்பிட வேண்டும். மாப்பிள்ளை வெளியே வந்ததும் அவரிடம் ஒன்று சொல். மாமா இந்தக் கடிதத்தில் அவரை "மாஸ்டர்" என்று கூப்பிட்டதாகச் சொல். தாமதம்தான். ஆனாலும் சொல்.

உன் அப்பா