நீ அறுத்தெறிந்த கேரியர்

அண்ணே,

போன வாரம் உன் மகன் லாரி பிடித்து அந்த மோட்டார் வண்டியை அனுப்பிவைத்தான். இறக்கிவைத்ததிலிருந்து என் வீட்டுப் போர்ச்சில் ஒரே பெயின்ட் வாடை. படுக்கையில் விழுவதற்கு முன்பு மறுபடி ஒரு கோட் அடித்திருக்கிறாய் போல. பட்டாளத்துப் பச்சை என்று பெருமையடித்துக்கொள்வாயே, சாணியும் மண்ணும் குழைத்த அந்த நிறம், வெயில் ஏற ஏற நாறுகிறது. பக்கத்தில் காயவைத்த வடகம் முழுக்க அந்த வாடையைப் பிடித்துக்கொண்டது. அள்ளிக் குப்பையில் கொட்டினேன். செத்தும் கொடுத்தான் என்று ஒருவரை ஊர் புகழும். நீ செத்தும் கெடுக்கிறாய்.

"அத்தே, அப்பா உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு" என்றான் உன் மகன்.

"வேற என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல அத்தே. அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! வாயைத் திறந்து தங்கச்சியிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாய், லாரி வாடகை கொடுத்து இரும்பை அனுப்புவாய். இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? மன்னிப்பு என்றா, "இந்தா, நீயே வச்சு அழு" என்றா? உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று நானே கேட்டிருக்கலாம். நான் கட்டிலருகே வந்ததும் நீதான் கண்ணை மூடிக்கொண்டாயே. தூங்குகிறவன் இமை அப்படித் துடிக்காது, அண்ணே. எனக்குத் தெரியும். சின்ன வயதில் பாய்க்குப் பாய் படுத்து வளர்ந்தவள் நான்.

அந்த வண்டி யாருடையது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன், ஊரெல்லாம் நீ மாற்றிச் சொன்னாய் என்பதற்காக.

ஜப்பான்காரன் இறங்கி வந்தபோது வெள்ளைக்காரப் பட்டாளம் சிங்கப்பூரைப் பார்த்து ஓடியது. ஓடுகிற அவசரத்தில் செடெனாக் பக்கம் நம் எஸ்டேட்டுக் கால்வாயில் தள்ளிவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் அது. அப்பாவுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. ரப்பர் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், பால் ஸ்டோருக்குப் பின்னால் ஒட்டுப்பால் மூட்டைகளுக்கு அடியில் மறைத்துவிட்டார். மரத்தில் வழிந்து காய்ந்த பாலை உரித்து மூட்டை கட்டி வைத்தால் என்ன நாற்றம் நாறும்! வீடு வீடாகப் புகுந்து சைக்கிளையும் தையல் மெஷினையும் பிடுங்கிப் போன ஜப்பான்காரன் அந்த மூட்டைகள் இருந்த பக்கமே தலைவைக்கவில்லை. பெரியப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள், அவர் திரும்பவில்லை. வண்டி தப்பித்தது.

சண்டை முடிந்த பிறகு அப்பா அதை எப்படியோ ஓட வைத்தார். தொழிலாளர் லயத்துக் கதவுகளுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டை டாங்குக்கு அடித்தார். பழைய பாலத்துக் கம்பியை வளைத்து, பின் சக்கரத்துக்கு மேல் கேரியர் செய்து பற்றவைத்தார். இரண்டு பக்கமும் ரப்பர் பால் சுமக்கும் தகரத் தோம்பு தொங்கும். நடுவில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டால் ஓர் ஆள் உட்காரலாம். பாம்பு கடித்தவர், காய்ச்சலில் பிதற்றியவர், மரத்திலிருந்து விழுந்தவர் என்று லயத்து ஜனம் பாதி அந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. அம்மாவுக்கு வலி கண்டபோதும் அதேதான். அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூலாய் டவுன் வரைக்கும் வந்து, ஆஸ்பத்திரி வாசல் படியில் என்னைப் பெற்றாள். "பாதிப் புள்ளய வண்டியிலயே பெத்துட்டேன்" என்று சாகும்வரை சொல்லிச் சிரித்தாள். உனக்கு அது கம்பி. எனக்கு அது தாய் வீடு மாதிரி.

உன் தொல்லை எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நம் இருவருக்கும் மத்தியானப் பள்ளிக்கூடம். காலையெல்லாம் பால் மரம் சீவி, ஸ்டோரில் பால் ஊற்றிவிட்டு வந்த கையோடு அப்பா நம்மை அந்தச் சாக்கின்மேல் நெருக்கி ஏற்றிக்கொண்டு போவார். டவுன் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒட்டுப்பால் பஸ் வருதுடா!" என்று கத்துவார்கள். பள்ளிக்கு ரொம்ப முன்னாலேயே மளிகைக்கடைத் திருப்பத்தில் நீ அப்பாவின் முதுகைத் தட்டுவாய்.

"இங்கயே எறக்கி விடுங்கப்பா. நான் நடந்து போறேன்."

அப்பா நிறுத்துவார், நீ இறங்குவாய், நாங்கள் போவோம். நான் கேட் வரைக்கும் உட்கார்ந்துதான் போனேன். நாறினால் நாறிவிட்டுப் போகட்டும், யார் அந்த வெயிலில் நடப்பது! உனக்கு அந்த வயதிலேயே நெஞ்சில் ஏதோ சுருக்கென்று தைத்துவிட்டது. அதற்காக உன்மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. பரிதாபம் வேறு, மன்னிப்பு வேறு.

அப்பா போன பிறகு வண்டி என் வீட்டுப் பின்பக்கம் தகரத்துக்குக் கீழே கிடந்தது. நீ பாசிர் கூடாங் தொழிற்சாலையிலிருந்து ரிட்டயர் ஆகி வந்து நின்றாய். "குடு தங்கச்சி, பிரிச்சு சரி பண்ணி ஓட வைக்கிறேன். அப்பா வண்டி துருப்பிடிச்சுச் சாகலாமா?" என்றாய். அப்பா வண்டி என்று உன் வாயாலேதான் சொன்னாய். நான் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்பிவைத்தேன்.

உன் கையைக் குறை சொல்ல மாட்டேன். பொய் சொன்னால் வாய் வெந்துவிடும். இறுகிப்போன ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணெயில் ஊறவைத்து, உடையாமல் கழற்றினாய். கிடைக்காத உருப்படியை இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்தாய். பேரிங்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் சுருங்கும், இன்ஜின் கூட்டை ஓவனில் சூடாக்கினால் விரியும், தட்டாமலே உள்ளே இறங்கிவிடும் என்று எனக்கே வகுப்பு எடுத்தாய். அண்ணி அப்போது உயிரோடு இருந்தாள். "மீன் எடுக்கப் போனா பேரிங்கு வருது, கேக்கு சுட்டா கிரீஸ் வாடை வருது. இவருக்கு ரெண்டாம் பொண்டாட்டி வந்துட்டாம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். என்ன நடக்கிறது என்று தெரியாமல் சிரித்தேன்.

ஒரு நாள் இடியப்பம் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். வண்டியின் சட்டம் மட்டும் போர்ச்சில் தொங்கிக்கொண்டிருந்தது, உரித்த ஆட்டைப் போல. பின்பக்கம் மொட்டையாக இருந்தது.

"கேரியர் எங்கண்ணே?"

"அது ஒரிஜினல் இல்லம்மா. அறுத்துட்டேன்."

"அறுத்து?"

"பழைய இரும்பு லாரி வந்துச்சு. போட்டு விட்டுட்டேன்."

தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாய். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னாய். அப்பா அடித்த நீலத்தையும் அதற்குள் சுரண்டியிருந்தாய். நம் வீட்டில் முப்பது வருடம் ஓடிய நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டு, ஏதோ புத்தகத்தில் பார்த்து, யாரோ ஒரு சிப்பாயின் நம்பரை டாங்கில் வெள்ளையாக எழுதப்போவதாகச் சொன்னாய். பழைய பட்டாள வண்டி சேர்க்கிற உன் கூட்டாளிகள் அப்படித்தான் செய்வார்களாம். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கவேண்டுமாம். பிறகு ஒட்டியதெல்லாம் அழுக்காம். அந்தச் சிப்பாய் அதை எத்தனை நாள் ஓட்டியிருப்பான்? கால்வாயில் தள்ளிவிட்டு ஓடிப்போனவன் சொந்தக்காரன். ஆயுள் முழுக்கப் பால் ஏற்றியவர் அழுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

அன்றைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன். மூவாரில்தான் பொறுக்கமுடியவில்லை.

ஆற்றங்கரைத் திடலில் பழைய வண்டிக் கண்காட்சி. வா வா என்று நீதான் கூப்பிட்டாய். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு கட்டிக்கொண்டு விடியுமுன் பஸ் ஏறி வந்தேன். வந்து பார்த்தால் நீ காக்கி அரைக்கால் சட்டை, இரும்புத் தொப்பி, கண்ணாடி சகிதம் நிற்கிறாய். தொப்பை பெல்ட்டுக்கு மேல் வழிகிறது. எந்தப் பட்டாளம் நம் ஜனத்தைக் காட்டில் விட்டுவிட்டு ஓடியதோ அந்தப் பட்டாளத்தின் வேஷம்! அதையும் விட்டுத்தள்ளினேன். மலாய்க்காரப் பையன் ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டே, வண்டி எங்கே கிடைத்தது என்று கேட்டான். நீ மலாயில் கணீரென்று சொன்னாய்: யாருமில்லாத எஸ்டேட்டுக் காட்டில் கிடந்தது, நான்தான் கண்டெடுத்துக் காப்பாற்றினேன் என்று.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"யாருமில்லாத எஸ்டேட்டா? அப்ப நாங்கல்லாம் யாரு, பேயா?"

"மானத்த வாங்காத தங்கச்சி. சும்மா இரு."

"அப்பா பேர ஒரு தடவ சொன்னா உன் வாயி வெந்துடுமா?"

நீ என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாய். தொப்பிக்குக் கீழே முகம் சிவந்திருந்தது. "இங்க நின்னு ஒட்டுப்பால் கதைய சொல்லச் சொல்றியா? எத்தன வருசம் ஆச்சு! இனிமேலாச்சும் அந்த நாத்தம் என்னைய விடணும்லா?"

"அந்த நாத்தந்தான் வண்டியக் காப்பாத்துச்சு. நீ இல்ல" என்றேன்.

நாசி லெமாக் பொட்டலத்தைப் புல்லில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. அண்ணி சாவில்கூட ஒருவர் தோளை ஒருவர் தொட்டோமே தவிர, வார்த்தை வரவில்லை. நீ முதலில் பேசுவாய் என்று நான் இருந்தேன். நான் இறங்கி வருவேன் என்று நீ இருந்திருப்பாய். இருவருக்கும் அப்பாவின் மூக்கு, அம்மாவின் வீம்பு.

வண்டி வந்து இறங்கிய மறுநாளே உன் கூட்டாளி ஒருவர் போன் செய்தார். ஜொகூரிலேயே இவ்வளவு சுத்தமாகத் திருப்பிச் செய்த வண்டி இது ஒன்றுதானாம். துணி போட்டு மூடி வையுங்கள், கீறல்கூட விழக்கூடாது, அடுத்த கண்காட்சியில் உங்கள் அண்ணன் நினைவாக முன்வரிசையில் நிறுத்துகிறோம் என்றார். சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டேன். போனை வைத்துவிட்டு வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் நம் செடெனாக் சீனர், வீட்டு கேட் எல்லாம் அவர் செய்ததுதான். நேற்று மெஷினோடு வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும், "சாயாங் லா, ஆன்ட்டி!" என்று இழுத்தார், இப்படி வீணாக்குவார்களா என்று. போல்ட் போட்டு வைக்கிறேன், வேண்டாத நாளில் கழற்றிவிடலாம், பெயின்டும் தப்பிக்கும் என்று மலாயில் யோசனை சொன்னார். நல்ல மனிதர். யாரும் கழற்றக்கூடாது என்பதற்குத்தான் பற்றவைக்கச் சொல்கிறேன் என்றேன்.

அளவு கேட்டார். படம் ஏது, காகிதம் ஏது? ஒரு முக்காலியைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு நானே உட்கார்ந்து காட்டினேன். முட்டி இங்கே வரும், தோம்பு இங்கே இடிக்கும், முன்னால் இருப்பவரின் முதுகு இவ்வளவு தூரம் என்று. உடம்புக்கு நினைவிருந்தது. அவர் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொண்டார்.

நெருப்புப் பட்டதும் உன் பச்சை கொப்பளித்தது. சட்டத்தில் கருப்பாகச் சுருண்டு உரிந்தது. அண்ணே, அந்த இடத்தை நீ எத்தனை நாள் குனிந்து தேய்த்திருப்பாய்! இடுப்பு வலிக்கு என்னிடம்தானே தைலம் வாங்கிப் போவாய். நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஆனால் அழுதேன். உன் சாவு வீட்டில் ஒரு சொட்டு விடாதவள், நேற்று வெல்டிங் புகையில் நின்று ஓவென்று அழுதேன். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து அந்தச் சீனர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கேரியர் அப்பா செய்ததைப்போல இல்லை. அது கோணலாக இருக்கும், இது நேராக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். சாக்கை மடித்துப் போட்டேன். டாங்கில் நீ எழுதிய சிப்பாய் நம்பரை அழிக்கவில்லை. நீ பட்ட பாட்டையும் நான் அழுக்கு என்று சொன்னால் உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

உன் மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் அடித்தான். "அலமாக்! என்னா அத்தே இது? வெல்ட் பண்ணிட்டீங்களா? ஒரிஜினல் போச்சே!" என்றான். அவனுக்கு அந்த வண்டியில் தாத்தா பால் ஏற்றினார் என்பதே தெரியவில்லை, அண்ணே. உன் சொந்த மகனுக்கே நீ சொல்லவில்லை. மூவாரில் யாரோ ஒரு பையனிடம் மறைத்ததை ஒருவேளை நான் மறந்திருப்பேன். இதை எங்கே கொண்டு வைப்பது? போனை வைக்கவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், கால்வாயிலிருந்து தொடங்கி. சாப்பிடக்கூடப் போகாமல் கேட்டான். அடுத்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம்.

உன் கூட்டாளிக்கும் சொல்லிவிட்டேன். கண்காட்சிக்கு வண்டி வரும், ஆனால் இப்படித்தான் வரும், நானும் கூடவே வருவேன் என்று.

இன்று காலை எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாள், நம் மக்சிக், கேட்டைத் திறந்துகொண்டு வந்து, இது யார் மோட்டார், பட்டாளத்துடையதா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: இது எங்கள் அப்பா பால் ஏற்றிய வண்டி. என் அண்ணன் இதைக் கொண்டுபோய்ப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார். நான் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவள் சிரித்தாள். அப்பா பேர் என்ன, அண்ணன் பேர் என்ன என்று கேட்டாள். இரண்டையும் சொன்னேன். உன் பேரையும் சேர்த்துத்தான் சொன்னேன். இனிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்வேன். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே.